அறுபதுக்குக் கீழே

"ரெண்டு இன்சுலினையும் ஒரே ஊசியில எடுக்கணும்... முதல்ல எது? தெளிவா இருக்கிறதா... கலங்கலா இருக்கிறதா?"

கணவன் இந்தக் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் மனைவி ஒரு கூடைத் துணியை இஸ்திரி போட்டு முடித்திருந்தாள்.

"கலங்கல்."

"தப்பு."

"ஐயோ! நேத்து சரியா சொன்னேனே!" இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு. இந்தத் தடவையும் ஊத்திக்கப் போகுது."

மத்தியானம் நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை. ஏற்கெனவே மூன்று முறை கோட்டை விட்டாயிற்று. இது நான்காவது, இதற்குமேல் எழுத விடமாட்டார்கள். இதிலும் போனால், படித்த படிப்பை மூட்டை கட்டிவிட்டு, இப்போது போலவே ஆயுள் முழுக்க வார்டில் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"அடுத்ததைக் கேளுங்க... என்னங்க? தூங்கிட்டீங்களா?"

அவன் திடுக்கிட்டு விழித்தான். வெளியே வெயில் ஜன்னல் கம்பியை உருக்கிக்கொண்டிருந்தது. அவனோ கம்பளிச் சட்டை, அதற்கு மேல் போர்வை என்று பனிமலைக்குப் புறப்பட்டவன் போல நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

கூரியர் ஆபீசில் ஒரு காலத்தில் அவனுக்குப் 'புயல்' என்று பெயர். அனுப்புகிறவர் விலாசத்தை எழுதி முடிப்பதற்குள் பார்சல் போய்ச் சேர்ந்துவிடும் என்பார்கள். அந்தப் புயல் வலுவிழந்து இரண்டு வருஷமாகிறது. மாடிப்படி ஏறினால் பாதிப்படியில் உட்கார்ந்துவிடுகிறான். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, கிடங்கில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பாடு குருவி அளவு, உடம்பு மட்டும் பீப்பாய். வீட்டில் அவள் வைத்திருக்கும் பெயர் 'ஆமை'. ஆமைகள் கேள்விப்பட்டால் மானநஷ்ட வழக்குப் போடும்.

"டிகாக்சின் மாத்திரை... அதான், இதயத்துக்குக் கொடுக்கிறது... கொடுக்கிறதுக்கு முன்னாடி எதைப் பார்க்கணும்?"

"பிரஷர்."

"தப்பு. நாடி. நிமிஷத்துக்கு அறுபதுக்குக் கீழே இருந்தா மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும்."

"தெரியும்! எனக்கு அது தெரியும்! நீங்க படிக்கிற வேகத்துல தெரிஞ்சதும் மறந்து போகுது. கொஞ்சம் உசுரோட படிங்களேன். கிணத்துக்குள்ள தவளை முனகற மாதிரி இருக்கு."

"தொண்டை கட்டியிருக்கு."

"ரெண்டு வருஷமாவா?"

அவன் அதற்குப் பதில் தேடிக் கொண்டிருந்தான். கிடைப்பதற்குள் அவளுக்கே கேள்வி மறந்துவிட்டது.

முடிவு வருவதற்கு முன்பே கதவோரம் அவளுடைய பெட்டி தயாராக நின்றது. "பாஸாயிட்டா வெளியூர் ஆஸ்பத்திரியில வேலை, தங்க இடமும் தர்றாங்க. நான் மட்டும் போறேன். திரும்ப வரமாட்டேன்" என்று போன வாரமே சொல்லிவிட்டாள். கெஞ்சுவான், கத்துவான், அட, ஒரு தட்டையாவது விட்டெறிவான் என்று எதிர்பார்த்தாள். ஈ உட்கார்ந்து எழுந்தால் முகத்தில் தெரிகிற அசைவுகூட அவன் முகத்தில் இல்லை. "சரி" என்றான். பிறகு, "பரீட்சைக்கு நான் கேள்வி கேக்கவா?" என்றான்.

அந்த 'சரி'யில்தான் அவளுக்கு மிச்சமிருந்ததும் விட்டுப் போனது.

"கட்டின பொண்டாட்டி போறேங்கறா. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சா உங்களுக்கு? என்னை வண்டியேத்தி விட அவ்வளவு அவசரமா?"

"நீ... பாஸாகணும்ல?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாஸானால் இந்த மனிதனை விட்டுப் போக வேண்டும். தவறினால் இந்தக் கல்லோடு கிடக்க வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிதான். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ம்... கேளுங்க" என்றாள்.

"கடைசிக் கேள்வி. தைராய்டு கம்மியா சுரந்தா... ஆள் எப்படி இருப்பாங்க?"

"சனியன் பிடிச்ச கேள்வி! மூணு தடவையும் வந்துச்சு, மூணு தடவையும் தப்பு. கூடுனா என்ன, குறைஞ்சா என்னன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து தொலையுது. இந்த ஜென்மத்துல இது என் மண்டையில ஏறாது. விடையை நீங்களே படிங்க, கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்றேன்." கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அவன் பின்பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தான்.

"எப்பவும் அசதி... தூக்கம்... குளிர் தாங்காது."

"அசதி, தூக்கம், குளிர் தாங்காது."

"சரியா சாப்பிடாட்டியும்... உடம்பு போடும். யோசிக்கிறது, பேசறது எல்லாம் மெதுவா..."

"சாப்பிடாட்டியும் உடம்பு போடும். யோசிக்கிறது, பேசறது..."

"குரல் கரகரன்னு ஆயிடும். முகத்துல உணர்ச்சி தெரியாது."

"குரல் கரகர..."

அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. கண்ணைத் திறந்தாள்.

"இதுவும் மறந்துடுச்சா?" என்றான் அவன், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு. "பரவாயில்ல. நேரமாச்சு... நீ கிளம்பு."

அவள் போர்வைக்குள் கையை விட்டு அவனுடைய சில்லிட்ட மணிக்கட்டைப் பிடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி துடிப்பை எண்ண ஆரம்பித்தாள். வினாடி முள் ஒரு முழுச் சுற்று வந்து முடித்தபோது, அவள் இன்னும் ஐம்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை.