பாதியாகச் சுண்டும்வரை

"உண்மையைச் சொல்லு. கொதிக்க வைக்காத தண்ணியிலதானே பால் கலக்கினே?"

ஒதிலியா சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் பக்கத்து நாற்காலியில் இருந்த நாத்தனார் யெசேனியா, அடி வாங்கியவள்போல் தலை குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியின் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒதிலியாவின் மகன் ததேயோ கிடந்தான். பிறந்து ஒன்பது வாரம். காலையில் தூக்கியபோது உதடும் நகமும் கறுப்புத் திராட்சை நிறத்தில் இருந்தன. அழக்கூடத் தெம்பில்லை.

"ஒரே ஒரு தடவைதான் அண்ணி," என்றாள் யெசேனியா. "நேத்து மத்தியானம். நீங்க வச்சிட்டுப் போன தண்ணி தீர்ந்துடுச்சு. அடுப்பைப் பத்த வச்சா கேஸ் இல்ல. நீங்க தோப்புல இருக்கீங்க. இவன் பசியில கத்தறான். குழாயைத் திறந்து கலக்கிட்டேன்."

"ஒரு தடவையா? போன வாரத்துலேருந்தே உதடு கறுத்துக்கிட்டு வருது. நான் ஆரஞ்சு பறிக்கப் போற நேரமெல்லாம் இதான் நடந்திருக்கும்."

"மாதா சத்தியமா ஒரு தடவைதான்."

"சத்தியம் வேறயா? கேலி பண்ணினவதானே நீ? 'பீன்ஸ் வேகற நேரம் தண்ணிய வேக வைக்கறீங்களே அண்ணி, அவன் என்ன கடிச்சா குடிக்கப்போறான்'னு கேட்டே இல்ல?"

"விளையாட்டுக்குச் சொன்னேன். இது மெக்சிகோ இல்லையே, இங்க எல்லாரும் குழாய்த் தண்ணிய அப்படியேதானே குடிக்கறாங்கன்னு..."

"ரோசால்பாவுக்கும் ஒரு தடவைதாண்டீ."

யெசேனியா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

ஒதிலியாவின் மூத்த பெண் அவள். மெக்சிகோவில், மலையூரில், நடை பழகிக்கொண்டிருந்த வயதில் போனவள். வெயிலில் நடந்து வந்து, தாகத்தில் அழுத குழந்தைக்குத் தெருக்குழாயில் பிடித்த ஒரு குவளைத் தண்ணீர். மூன்று நாள் வயிற்றுப்போக்கு. நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பேருந்திலேயே முடிந்துவிட்டது. குவளையைப் பிடித்திருந்த கை ஒதிலியாவுடையது.

எல்லையைத் தாண்டி அமெரிக்கா வரும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் வந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைப்பதை மட்டும் விடவில்லை. ஐந்து வயதிலேயே இங்கே வந்து வளர்ந்த யெசேனியாவுக்கு அது எப்படிப் புரியும்?

'இந்தத் தடவை என் கை இல்லை.'

அப்படி நினைத்ததும் ஒதிலியாவின் நெஞ்சு கொஞ்சம் லேசானது. பிள்ளை உள்ளே மூச்சுக்குத் திணறும்போது தனக்கு எது லேசாகிறது என்று யோசித்தாள். அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்த எண்ணத்தை விடவும் மனம் வரவில்லை.

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ என் வாசப்படி ஏறக்கூடாது," என்றாள். "உங்க அண்ணனே வந்து கெஞ்சினாலும் சரி."

யெசேனியா ஏங்கி ஏங்கி அழத் தொடங்கினாள். ஒதிலியா தடுக்கவில்லை.

கதவு திறந்தது. டாக்டரம்மா அவர்கள் மொழியிலேயே பேசினார்.

"மருந்து வேலை செய்யுது. உதட்டுல சிவப்பு வருது. பிழைச்சுக்குவான்."

ஒதிலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"ரத்தம் எடுத்தப்போ சாக்லேட் நிறத்துல இருந்துச்சு. அதான் கேக்கறேன். என்ன குடுக்கறீங்க?"

"பால் பவுடர்தான். எனக்குப் பால் வத்திப்போச்சு."

"தண்ணி?"

"தோப்புக் கிணத்துத் தண்ணி. வீட்டுக்கே குழாய் போட்டிருக்காங்க." ஒதிலியா விரலை நீட்டினாள். "இவதான் டாக்டர். நேத்து கொதிக்க வைக்காம அப்படியே கலக்கிக் குடுத்திருக்கா."

டாக்டர் யெசேனியாவைப் பார்த்தார். பிறகு ஒதிலியாவிடம் கேட்டார். "மத்த நாள்ல?"

ஒதிலியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அன்று காலையிலிருந்து அவள் கூசாமல் பதில் சொல்லக்கூடிய கேள்வி இது ஒன்றுதான்.

"மத்த நாளெல்லாம் நான் காய்ச்சி வைக்கற தண்ணிதான். முதல்ல பத்து நிமிஷம் கொதிக்க விடுவேன். போன வாரம் உதடு கறுக்க ஆரம்பிச்சதும் அரைமணி ஆக்கினேன். அதுவும் பத்தலைன்னு தோணிச்சு. இப்போ பாத்திரம் பாதியாச் சுண்டினப்புறம்தான் இறக்கறேன். சும்மா சொல்லலை டாக்டர், எவ்வளவு அலுப்பா இருந்தாலும் ஒரு நாள்கூட விட்டதில்ல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அம்மா, இனிமே அவனுக்கு அந்தத் தண்ணியே வேணாம். கடையில விக்கற பாட்டில் தண்ணிதான்," என்றார். "அதுல இருக்கறது கிருமி இல்ல. தோப்புக்குப் போடற உரம் கிணத்துல இறங்கியிருக்கு. அதுதான் ரத்தத்தைக் கறுக்க வைக்குது. காய்ச்சினா தண்ணிதான் ஆவியாப் போகும். உரம் அப்படியே மிச்சத் தண்ணியில நின்னு இன்னும் கெட்டியாகும்."

ஒதிலியாவுக்கு வார்த்தைகள் கேட்டன. ஒன்றோடொன்று சேரவில்லை.

அழுகை அடங்காமல் இருந்த யெசேனியாவின் தோளில் டாக்டர் கை வைத்தார்.

"நீ அழாதேம்மா. இந்த வாரம் அவன் குடிச்சதுலயே விஷம் கம்மியான பால், நீ நேத்து குடுத்ததுதான்."