கறுக்கும் வெள்ளி

துறைமுகத்தில் கந்தகம் இறக்கும் ஆட்களின் வீட்டுப் பெண்கள் வெள்ளிக் கொலுசு போடுவதில்லை. ஒரே நாளில் கறுத்துவிடும். கணவன் தீனா நெஞ்சு வெந்து செத்த பிறகு, இனி கறுக்காது என்று ரமாபாய் கொலுசை எடுத்து மாட்டினாள். அன்று மாலையே, அவன் வேலை முடிந்து வீடு வரும் நேரத்தில், கறுத்தது. தினமும் காலையில் தேய்த்தாள், மாலையில் கறுத்தது.

மகள் அம்மு வானியல் படிக்கிறாள். “நட்சத்திரம் பொறக்குற மேகத்துலயும் கந்தகம் காணோம்னுதான் சொல்றாங்கம்மா. தூசியில பனியோட ஒட்டிக்கினு கீதாம். சூடு ஏறினா வெளிய வருமாம்” என்றாள்.

தீனா கந்தகத்தால் செத்தான் என்று எழுதி வாங்க இருவரும் ஒப்பந்தக் கம்பெனிக்குப் போனார்கள்.

“உன் புருஷன் நிலக்கரிதாம்மா அள்ளினான். கந்தகத்துப் பக்கமே போகல” என்றார் மேனேஜர்.

“அவரு துணிய தொவைக்க சொல்ல தண்ணி மஞ்சளா வந்துச்சே, அது இன்னா சார், சாம்பாரா?”

கரண்ட் போனது. ஏசி நின்று அறை சூடேறியது. மேனேஜர் சொன்னதையே திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய வெள்ளி மோதிரம் கறுத்தது. துடைத்தார், போகவில்லை.

அன்று மாலை முதல்முறையாக ரமாபாயின் கொலுசு கறுக்காமல் இருந்தது.

“நைனா வூட்டுக்கு வர்லம்மா” என்றாள் அம்மு.

“அங்க வேலை கீதுல்ல” என்றாள் ரமாபாய்.