பூனைக்கு எடுத்த சாக்கு

அப்பா தன் பெயருக்கு எழுதிவைத்த வீட்டை, ஒரு வார்த்தை கேட்காமல் புருஷன் துரைப்பாண்டி விலைபேசிவிட்டதை, சாமான் ஏற்ற வேன் வந்து நின்றபோதுதான் செண்பகம் அறிந்தாள். வழி தெரிந்தால் பூனை திரும்பிவிடும் என்று அதைச் சாக்கில் போட்டுக் கட்டப் போனான். அது கையைப் பிறாண்டிவிட்டு, காலியான அடுப்படிக்குள் ஓடிவிட்டது.

"எலிக்காக வந்த சனியன், மனுசனுக்காகவா வந்துச்சு? நாயப் பாரு, ஒரு சொடுக்குல ஏறிருச்சு."

பதினெட்டு வருடமாக அவளும் அப்படித்தான் ஏறியிருக்கிறாள்.

மறுபடி சொடுக்கினான். இந்தச் சொடுக்கு அவளுக்கு.

செண்பகம் அடுப்படிக்குப் போய், வெறுந்தரையில் பூனைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப கொண்டாங்க அந்தச் சாக்க," என்றாள்.