கருவியில் ஒரு சிலுவை

"அழிச்சிரவாக்கா?"

கருவி பழுது பார்க்கும் ஹமீது மறுபடியும் கேட்டான்.

அவள் கரையேற்றியிருந்த வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். அவன் மடியில் கிடந்த ஜிபிஎஸ் கருவியையே பார்த்தாள்.

உள்ளங்கை அகலத் திரை. திரை முழுக்கக் கடல். கடலுக்கு நடுவே ஒரு சின்னச் சிலுவை.

அது கஸ்பார்.

அவள் புருஷன். மரவள்ளத்தோடு முங்கிப்போனவன். ஆளும் கிடைக்கவில்லை, வள்ளமும் கிடைக்கவில்லை. தேடிப் போன கொழுந்தன், எண்ணெய் மட்டும் மேலே வந்து படர்ந்துகொண்டிருந்த இடத்தில் இந்தக் கருவியை அழுத்திச் சிலுவைக் குறி வைத்துவிட்டுத் திரும்பினான். "இனிமே இதுதான் மதினி" என்றான்.

கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அவள் கடலுக்குப் போவாள். சிலுவை நெருங்கினால் கருவி கூவும். எஞ்சினை நிறுத்துவார்கள். பூவைத் தண்ணீரில் விடுவாள். பூ கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும், யோசிப்பதுபோல. பிறகு நீரோட்டத்தோடு போய்விடும்.

அந்த இடத்தில் ஒருவரும் தூண்டில் இறக்குவதில்லை. கோயிலில் வைத்துப் பேசி முடித்தது. மகன் ரெஜிஸும் மாதா முன்னால் தலையாட்டியவன்தான்.

"அக்கா, சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. புதுசு ஏத்தினா பழைய புள்ளி எதுவும் தங்காது. ஏத்தாட்டி மிஷினே தங்காது."

"நீ பேசுறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"நான் பேசாட்டி மிஷின் பேசும். நடுக்கடல்ல."

பேசிவிட்டது. போன வாரம் மழை இருட்டில் திரை அப்படியே நின்றுவிட, ரெஜிஸ் பெரிய கப்பல் போகும் வழியில் போய் மாட்டியிருக்கிறான். கப்பல் ஊதியதைக் கேட்டுத் திருப்பியிருக்கிறான். அவன் வாயைத் திறக்கவில்லை. கூடப் போனவனின் பெண்டாட்டி குழாயடியில் சொன்னாள்.

செத்தவனுக்கு இருப்பது ஒரே ஓர் இடம்.

அவளுக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளை.

வள்ளம் அவள் பேரில் இருக்கிறது. அவள் சொல்லாமல் ஹமீது கை வைக்கமாட்டான்.

"மத்தப் புள்ளியெல்லாம்?" என்றாள், நேரத்தைக் கடத்த.

"மத்தது என்ன இருக்கு? துறைமுக வாசல், வெளக்கு, ரெண்டு பாறை. நான் அடிச்சுத் தந்திருவேன். மீன் கெடக்கிற எடத்த எவன் மிஷின்ல வைப்பான்? கூட வாறவன் பாத்துருவாம்லா. அதெல்லாம் மண்டைக்குள்ளதான்."

நிஜம்தான். கஸ்பார் தூக்கத்தில்கூட உளறமாட்டான்.

ரெஜிஸ் வள்ளத்தின் முனையில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். இந்த வருஷம் கரையெல்லாம் பஞ்சம். அவனுக்கு மட்டும் கலவா மீன். பிள்ளையை ஏந்துவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்குவான். "உம்மவனுக்கு மட்டும் கடல் கலவாவாப் பெத்துப் போடுதோ?" என்று ஏலம் போடுகிற இடத்தில் பெண்கள் இடிப்பார்கள். "மாதா குடுக்கா" என்பாள் இவள். கலவா வெறும் மணலில் தங்காது. அடியில் பாறை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதாவது முங்கிக் கிடக்க வேண்டும், ஒண்டிக்கொள்ள.

இன்றைக்கு மத்தியானம்கூடக் கலவா மண்டைதான் குழம்பு. ரெண்டு கவளம் கூடவே இறங்கியது.

அவள் திரையில் விரலை வைத்தாள். விரலுக்கடியில் சிலுவை மறைந்தது.

விரலை எடுத்தாள். இருந்தது.

"அழி."

"இருங்கக்கா, நம்பரக் குறிச்சுக்கிடுதேன். திரும்ப அடிக்கணும்லா. ஒண்ணு தப்பினாலும் அண்ணன் எங்கயோ போயிருவாரு."

காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தான்.

"குறிக்க வேண்டாம்." ரெஜிஸ் நிமிரவில்லை. "எனக்குத் தெரியும்."

அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கல்லுப்போல இருக்கிறானே என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். அப்பனை மனசுக்குள் வைத்திருக்கிறான் பிள்ளை.

ஹமீது அழுத்தினான்.

திரை கறுத்தது. வெகுநேரம் கறுப்பாகவே இருந்தது.

பிறகு கடல் வந்தது. யாரும் சாகாத கடல்.

"சொல்லு" என்றான் ஹமீது.

ரெஜிஸ் சொன்னான். எட்டில் தொடங்கி, புள்ளிக்குப் பின்னால் வரும் கடைசி எண் வரை. ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை. கை அதுபாட்டுக்குக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"யப்பா. மீன் புள்ளியச் சொல்லுத மாதிரில்லா சொல்லுதான்." ஹமீது சிரித்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன குறி வைக்க? சிலுவையா, மீனா?"

சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் கயிற்றைப் பார்த்தான்.

அலை ஒன்று வந்து, வள்ளத்தைத் தொடாமல் திரும்பிப் போனது.

"சிலுவை" என்றாள்.

"கிட்டப் போனா கூவணுமாக்கா?"

"கூவட்டும். கரைக்குக் கேக்கிற மாதிரி வை."

ஹமீது ஒருமுறை கூவ வைத்துக் காட்டினான். புதிய ஒலி. பழையதைவிடக் கூர்மை. ரெஜிஸின் தோள் ஒடுங்கியது.

சத்தத்தைக் கேட்டதும் எப்போதும்போல் அவள் கை தானாக எழுந்தது, நெற்றியில் சிலுவை போட.

முகத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

விரலில் மத்தியானக் குழம்பு மணத்தது.