சிமிட்டாத சுவிட்ச்

அந்தப் பழைய காரின் ஹெட்லைட் சுவிட்சுக்குத் தன்னைப் பற்றிய நினைப்பு ரொம்ப அதிகம். நாற்பது வருஷமாக விளக்குக்கு வேண்டிய மின்சாரம் முழுக்க அதன் வழியாகத்தான் போனது. போய்ச் சேர்வதற்குள் பாதி வீணாகி, விளக்கு மஞ்சளாக அழுது வடியும்.

ஒரு நாள் மெக்கானிக் புது விளக்கும் தடித்த ஒயரும் மாட்டி, பானெட்டுக்குள் ரிலே என்ற சின்னக் கறுப்புப் பெட்டியையும் வைத்தார். இனி சுமையெல்லாம் ரிலேக்கு. சுவிட்ச் ஜாடை காட்டினால் போதும். அன்று சாலையே பகலாகிவிட்டது.

"பார்த்தியா என் வெளிச்சத்தை!" என்று ஹாரனிடம் பீற்றிக்கொண்டது சுவிட்ச்.

மழைக்காலம் வந்தது. ரிலே தயங்கித் தயங்கிக் கூப்பிட்டது. "அண்ணே, தண்ணி என் தலையிலேயே சொட்டுது. காலெல்லாம் துரு. நீங்க விளக்கை ரெண்டு தடவை சிமிட்டிக் காட்டினா, முதலாளி பானெட்டைத் திறந்து பார்ப்பாரு."

"நான் சிமிட்டுறதா? என் சர்வீஸ்ல அப்படி ஒரு கெட்ட பேரே கிடையாது. வேலை செய்யத் துப்பில்லேன்னா சொல்லிட்டுப் போ."

ரிலே நனைந்தபடியே சுமையைத் தாங்கியது. மறுவாரம், அந்தி மழையில், மலைப்பாதை வளைவில் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. கார் தடுப்புச் சுவரில் மோதியது. முதலாளிக்குக் கை முறிந்தது.

மெக்கானிக் கருகிய ரிலேயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்.

சுவிட்ச் தொண்டையைச் செருமிக்கொண்டு புது ரிலேயைக் கூப்பிட்டது.

"உனக்கு முன்னால இருந்தவன் வாயைத் திறக்காமலே காரியத்தைக் கெடுத்தான். நீ அப்படி இருக்காதே. என்ன கஷ்டம்னாலும் முதல்ல என்கிட்ட சொல்லு."