பதினொரு வரி

“ஒரே ஒரு வரிக் கட்டளை அனுப்பு. அவன்ட லெப்டொப்பில ஒண்டுமே மிஞ்சாது,” என்றாள் ஹமீமா.

சுபோதினியின் கையிலிருந்த போனில் அபிஷனின் வட்ஸ்அப் செய்தி திறந்தபடி கிடந்தது: ‘தங்கச்சி, சுகமா? ஒரு சின்ன உதவி.’ ஏழு மாதத்துக்குப் பிறகு தங்கச்சியாம். மனுசனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே!

வெள்ளவத்தையில் அந்த அறையை இருவரும் சேர்ந்துதான் எடுத்திருந்தார்கள். ஹமீமா இன்னும் சுபோதினியின் பழைய ஒஃபிஸில்தான் வேலை செய்கிறாள். அங்கே நடந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கிற மென்பொருளை ஒன்பது மாதம் மாடாய் உழைத்து எழுதியவள் சுபோதினி. மேலதிகாரியான அபிஷன், ‘என்ர மெஷினால போட்டு விடுறன், உமக்கேன் கரைச்சல்’ என்று வாங்கி வாங்கிப் போட்டான். எந்தக் கணினியிலிருந்து போடுகிறோமோ அதில் பதிந்திருக்கிற பெயர்தான் வேலையின் கீழே விழும்; எல்லாவற்றின் கீழும் அவன் பெயர்தான் ஏறியது.

பிறகு ஆட்குறைப்பு வந்தது. அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு வேலையும் இல்லையே என்று அவனே வாய் கூசாமல் சொல்லி, அவளை வீட்டுக்கு அனுப்பினான். அன்றைக்கு 100ஆம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே அழுததை அவள் இன்னும் மறக்கவில்லை. இவனும் ஒருநாள் நாலு பேர் முன்னால் வாயடைத்து நிற்க வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

இப்போது அபிஷன் வேறொரு கம்பனியில் பெரிய பதவிக்கு விண்ணப்பம் போட்டிருந்தான். யாரும் திறந்து பார்க்கக்கூடிய, யாரும் திருத்தக்கூடிய மென்பொருள் ஒன்றில் ஒரு பிழையையாவது திருத்திவிட்டு இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் பிடித்தது பார்வையற்றவர்களுக்குத் தமிழை வாசித்துக் காட்டும் மென்பொருளை. விலைப்பட்டியலில் 250/= என்று இருந்தால் ‘இருநூற்றைம்பது ரூபா’ என்னாமல் அது ‘இருநூற்றைம்பது சாய்கோடு சமன்’ என்று வாசித்து மானத்தை வாங்கும். அந்தப் பிழையைத் திருத்தினால் போதும்.

திருத்துவது இருக்கட்டும், முதலில் அதைத் தன் கணினியில் ஓட வைக்க வேண்டுமே. அதற்குத் தேவையானதையெல்லாம் இறக்கி, பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டி மூன்று நாள் மல்லுக்கட்டினான். திரை நிறையச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்திதான் வந்தது. சுபோதினி அந்த மென்பொருளில் வேலை செய்வது யார் மூலமோ காதில் விழ, ஐயாவுக்குத் தங்கச்சி ஞாபகம் வந்துவிட்டது.

“அழிச்சா அவன் புதுசு வாங்குவான்,” என்றாள் சுபோதினி. ஹமீமா தலையில் அடித்துக்கொண்டாள்.

சுபோதினி, அவன் கணினியில் போட வேண்டிய கட்டளைகளாகப் பதினொரு வரி எழுதி அனுப்பினாள். ஒன்றுகூடப் பிழையில்லை. அனுப்பிய கையோடு அவனுக்குப் போனும் எடுத்தாள்.

“அண்ணா, கண்ணை மூடிக்கொண்டு போடாதேங்கோ. ஒவ்வொரு வரியா வாசிச்சுப் பாருங்கோ. பேர், ஈமெயில் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு.”

“நீர் அனுப்பினது பிழையா இருக்குமே? அப்படியே கொப்பி பண்ணிப் போடுறன்,” என்று அவன் சிரித்தான்.

போட்டான். மூன்று நாளாக அடம்பிடித்த மென்பொருள் மூன்று நிமிடத்தில் ஓடியது. உடனே அடுத்த உதவி கேட்டான்: அந்தத் திருத்தத்தையும் எழுதித் தந்தால் புண்ணியமாய்ப் போகுமாம். சுபோதினி அதையும் எழுதிக் கொடுத்தாள். அவன் தன் கணினியிலிருந்து அதை ஏற்றினான். இரண்டு நாளில் அந்த மென்பொருள்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டோம் என்ற வரியைக் கண்டதோடு சரி, கீழே ஒன்றையும் பார்க்காமல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

“ரெண்டாந்தரமும் அவனுக்கே எழுதிக் குடுத்திருக்கிறாய். ரோசமில்லயா உனக்கு?” என்று கேட்ட ஹமீமா, அதன்பிறகு அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு இன்டர்வியூ. அவன் வீட்டிலிருந்து கணினி வழியாகத்தான். ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்க அபிஷன் மறுபடி போன் எடுத்தான். கேள்வி எதுவும் இடறினால் காதுக்குள் பதில் சொல்ல ஆள் வேண்டுமாம்.

“லைனிலயே இரும் தங்கச்சி. நீர் இருந்தா எனக்குத் தைரியம்.”

“ஓம் அண்ணா. கடைசி மட்டும் இருப்பன்.”

அவள் போனை மேசையில் வைத்து சத்தத்தைக் கூட்டினாள். ஹமீமாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். கேள்வி கேட்டவர் பாஹிம் என்று ஒருவர், அந்தக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர். கூட இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அபிஷன் அளந்துகொண்டிருந்தான். ஒருத்தரின் உதவியும் இல்லையாம், எல்லாம் தானே தனியாக இருந்து செய்ததாம்.

பாஹிம் அந்தத் திருத்தத்தைத் திரையில் திறந்து காட்டச் சொன்னார். “தாராளமா,” என்றான் அபிஷன். மவுஸ் சொடுக்கும் சத்தம் இரண்டு தரம் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் இரைந்துகொண்டு போக, பெண்கள் இருவரும் காதைப் போனோடு ஒட்டினார்கள்.

ரயில் போய் முடிந்தது. மறுமுனையில் பாஹிம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அபிஷன், இதை எழுதினவர் எண்ட இடத்தில உங்கட பேரில்லயே. சுபோதினி எண்டுறது ஆரு?”