டப்பாவின் பின்பக்கம்

"அந்த ஆளு நாளைக்கும் இங்க நின்னா, நீ நிக்க வேண்டாம்."

முதலாளி அவ்வளவுதான் சொன்னார். போய்க் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மருந்துக் கடையில் சத்துப் பவுடர், சத்து மாத்திரை அலமாரிக்கு அவள்தான் பொறுப்பு. பதினோரு வருஷமாய் அதே இடத்தில் நின்று, கணுக்காலில் நரம்பு நீலமாய்ச் சுருண்டு கிடக்கிறது. வீட்டில் சம்பாதிக்கிறது அவள் ஒருத்திதான்.

அந்த ஆள் என்றால் பூதக்கண்ணாடி. கடையில் வைத்த பெயர். அறுபது தாண்டின மனுஷர். மூன்று மாசமாய்த் தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவார். ஒன்றும் வாங்க மாட்டார். சட்டைப் பையிலிருந்து வட்டக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அலமாரி ஓரமாய் நிற்பார். யாராவது டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினால் போதும்.

"குடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்."

நேற்றும் அப்படித்தான்.

"சர்க்கரை சேர்க்கலைன்னு முன்னாடி கொட்டை எழுத்துல போட்டிருக்கே?"

"சேர்க்கலதான். ஆனா மாவுச்சத்துலேர்ந்து எடுத்த மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கு. உள்ள போனா அதுவும் சர்க்கரைதான். உங்களுக்குச் சுகர் இருந்தா டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க."

"ஐநூத்தி அம்பத்தொண்ணுன்னு என்னமோ நம்பர் இருக்கே, விஷமா?"

"சேச்சே. பவுடர் கட்டி தட்டாம இருக்கப் போடறது. பயப்படாதீங்க."

"நாங்க சைவம். இந்த மாத்திரை?"

"மேல் உறை ஜெலட்டின்மா. மிருகத்தோட தோல், எலும்புலேர்ந்து எடுக்கறது."

அந்த அம்மாள் சுட்டுவிட்ட மாதிரி டப்பியைக் கீழே வைத்தாள்.

நாலு பேர் கேட்டால் ரெண்டு பேர் வாங்காமல் போனார்கள். முதலாளிக்கு வயிறு எரியாதா?

இதே கேள்விகளை அவளிடம் கேட்டால் அவளிடம் இருப்பது ஒரே பதில். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு முதலாளி சொல்லிக் கொடுத்தது. "எல்லாம் சத்துதாம்மா." நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் வாய்தான் அசைகிறது. அவள் வேறெங்கோ இருப்பாள்.

"போட்டிக் கம்பெனி அனுப்பின ஆளு," என்றார் பில் போடுகிறவர். "இல்லன்னா ரிட்டயர் ஆனதும் இவரு தொல்லை தாங்காம பொண்டாட்டி வெளியில அனுப்பியிருப்பா."

அவளுக்கும் சந்தேகம்தான். ஒரு நாள் மனுஷர் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். அலமாரியில் இருந்த ஒரு மஞ்சள் பவுடர் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், பின்பக்கத்தில் இருந்ததை முழுசும் கடகடவென்று ஒப்பித்தார். சும்மா படிக்கிறவருக்கு அது வருமா?

அஞ்சு மணிக்கு வந்துவிட்டார்.

அவள் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு கிட்டே போனாள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இனிமே இங்க வராதீங்க."

"முதலாளி சொன்னாரா?"

"நீங்க நின்னா நான் நிக்க முடியாது சார். எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கு."

சண்டை பிடிப்பார் என்று நினைத்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"உன் பொழப்புல கை வைக்க வரலம்மா. போயிடறேன்."

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். அலமாரியில், டப்பாக்களுக்கு நடுவில் வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டும். இனிமே எனக்கு எதுக்கு?"

அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நிஜத்தைச் சொல்லுங்க சார். நீங்க எந்தக் கம்பெனி ஆளு?"

அவர் மஞ்சள் டப்பாவைக் காட்டினார். கடையிலேயே அதிகம் போகிற சரக்கு.

"இந்தக் கம்பெனிதான்."

"இதுவா? அப்புறம் ஏன் சார் உங்க சரக்கையே நீங்க விக்க விடாம...?"

"டப்பா லேபிளுக்கு அச்சு எழுத்துக் கோக்கற வேலை. முப்பது வருஷம். மொதல்ல எல்லாரும் படிக்கிற மாதிரிதான் போட்டுக் கொடுத்தேன். பின்பக்கத்து எழுத்தைச் சின்னதாக்குன்னாங்க. ஆக்கினேன். இன்னும்னாங்க. யாராலயும் படிக்க முடியாதே சார்னேன். சிரிச்சாங்க." மஞ்சள் டப்பாவை அலமாரியில் நேராக்கி வைத்தார். "எனக்கும் வயிறு இருந்துச்சும்மா. ஆக்கிட்டேன்."

படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

அந்த இடம் காலியானதுமே இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்தாள். மஞ்சள் டப்பாவை எடுத்தாள். திருப்பினாள். கண்ணைச் சுருக்கினாள்.

"அக்கா, இவளுக்குப் பால் ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டிடும். இதுல பால் இருக்கா?"

கல்லாவிலிருந்து முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் சத்து..." வாய் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

பாதியில் நிறுத்தினாள். அலமாரிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்தாள்.

"இரும்மா. நான் படிச்சுச் சொல்றேன்."